லால்பேட்டை ஹெரால்டை வாங்கலாமா

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆகும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேசியபோது, லால்பேட்டையில் ஒரு பாய் வீட்டில் பழைய ஹெரால்டு கார் நிற்கிறது, நம் வண்டிக்கு உதிரிபாகத்துக்கு ஆகும், போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா சொல் என்றாய். நான் சொல்ல வந்த வேறு விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனை வைத்துவிட்டாய். சரி. போனேன், பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் "அம்மா, சிக்னல் இல்ல" என்பாய். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. உன் மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறேன், ஊர் திரும்பியதும் உட்கார்ந்து படி.

வண்டி பார்க்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் அப்பா திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் எதிரில் ரெண்டு அம்பாசடரையும் உன்னையும் விட்டுவிட்டுப் போனார். மூன்றையும் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்று ஆனபோது தானாக வந்தது. இன்றைக்கும் கடலூரில் பழைய வண்டி வாங்குகிற பாதிப்பேர், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிடுகிறார்கள். ஏனென்றால் நான் விற்கிறவனின் மனசைப் பார்ப்பதில்லை, வாங்குகிறவனின் மனசையும் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்பேன். பெயின்ட் எவனுக்கும் பளபளக்கும். கால் வைக்கிற தரைதான் உண்மை பேசும்.

கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷத்தை நினைத்துப் பார். நீ சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பொங்கல் கழிந்து ஒரு புரோக்கர் நம் டாக்ஸி ஆபீஸ் வாசலில் ஒரு சின்ன காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். புது வண்டி மாதிரி மின்னியது. நீ சுற்றிச் சுற்றி வந்தாய். "அம்மா, இத விட்டுடாத" என்று என் காதில் சொன்னாய். நான் கதவைத் திறந்து சீட்டில் மூக்கை வைத்தேன். ஊதுவத்தி வாசனை. வண்டிக்குள் ஊதுவத்தி எதற்கு? சீட் பெல்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தது. துறைமுகப் பக்கம் எங்கேயோ கடல்தண்ணீரில் கிடந்த வண்டி. "யக்கா, நீ இன்னா, வாடகைக்குத்தான ஓட்டப் போற? உனக்கின்னா நஷ்டம்?" என்றான் அவன். செருப்பு காலில்தான் இருந்தது, அதனால் அவன் பிழைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் நீ என்னைக் கேட்டாய்: "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிச்சா எப்படிம்மா வண்டி வாங்கறது?" குற்றத்தை நான் கொண்டுவந்து வைக்கவில்லை, அது அங்கே இருந்தது என்றேன். உனக்கு அது புரியவில்லை. உனக்குப் பிடித்த எதிலும் குற்றம் பார்ப்பவள் உனக்கு எதிரி. அந்த வயசில் அது அழகாகக்கூட இருந்தது என்று வைத்துக்கொள்.

அப்புறம் புவனகிரி. அந்த நாளை நீ நினைக்கமாட்டாய், நான் நினைக்கிறேன். ஆயுதபூஜைக்கு மறுநாள். அரிசி ஆலைக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் மேல்கூரை கித்தானில் போட்ட ஹெரால்டு ஒன்று நிற்கிறது, சுருட்டிவிட்டால் திறந்த கார், கல்யாண ஊர்வலத்துக்கு ராஜா மாதிரி இருக்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். புவனகிரியில் இருக்கிற என் அண்ணன் மகன் இளங்கோவும் வந்தான். உன் மாமன் மகன், உன்னோடு சண்டை போட்டு வளர்ந்த மச்சான். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக வாயைப் பிளந்து திறப்பதைப் பார்த்து நீ அங்கேயே கவிழ்ந்துவிட்டாய். நான் கீழே பார்த்தேன். பூஜை போடுகிறவர்கள் பானட்டில் பொட்டு வைப்பார்கள், ஸ்டியரிங்கில் வைப்பார்கள், சக்கரத்தில் வைப்பார்கள். கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறுகிற அந்த விளிம்பு முழுவதும் யாராவது வரிசையாகப் பொட்டு வைப்பார்களா? அம்மன் கோயில் வாசற்படி மாதிரி வைத்திருந்தார்கள்.

நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய். "அம்மா, நேத்துதான் பூஜ போட்டுருக்காங்க. பொட்டு வச்ச எடத்துல குத்தறதா?" என்றாய். ஆலைக்காரர் கையைக் கூப்பி, "தாயே, லட்சுமி மாதிரி வச்சிருந்தேன்" என்றார். அவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். மாலை போட்ட பொருளை ஒரு பொம்பளை இரும்பால் குத்துகிறாள் என்றால் நாளைக்கு ஊரில் என்ன பேச்சு வரும்? கையை எடுத்துக்கொண்டேன். நம் ஆட்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. கண்ணுக்கு முன்னால் ஓட்டை இருக்கும், அதன்மேல் ஒரு பொட்டை வைத்துவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். நீ தாம்பூலம் மாற்றி வண்டியை வாங்கினாய். கட்டி இழுத்து வந்து கடலூர் வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, இளங்கோ குழாயைத் திருப்பிக் கழுவினான். சந்தனம் கரைய ஒவ்வொரு பொட்டுக்கடியிலும் ஒரு பொத்தல் எட்டிப்பார்த்தது. அவன் விரலை ஒன்றுக்குள் விட்டு மறுபக்கம் எடுத்து ஆட்டிக்காட்டி, "மச்சான், இது காரு இல்ல, இடியாப்ப அச்சு" என்றான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி பண்ணிடலாம்" என்றாய். உன் வாயிலிருந்து இந்த வார்த்தை வராத நாள் அதற்குப் பிறகு இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை வாங்கியதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ள எல்லா ஆம்பளைக்கும் உரிமை உண்டு. பழைய வண்டியை எழுப்பி ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், என் ஆபீஸ் வாசலுக்கே ஓட்டிவந்து காட்டி ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு குணம் இருக்கிறது. ஏதோ ஒரு நாள், "போதும், முடிந்தது" என்று சொல்லித் துணியால் கையைத் துடைப்பார்கள். அந்தக் குணம் உனக்கு இருக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். வண்டியின் அடியைத்தான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் கோமதி வீட்டில் நிச்சயதார்த்தம். சிதம்பரத்தில் அந்தச் சின்ன வீட்டுக்குள் நம் ஜனமும் அவர்கள் ஜனமும் முட்டிமோதி உட்கார்ந்திருந்தோம். கோமதி அப்போதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத பெண்ணை வளர்த்தவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே போன மனுஷன். தட்டைக் கையில் வாங்கிய நேரத்தில் நீ வாயைத் திறந்தாய். "மாமா, நான் தயார் பண்ற கார்லதான் மாப்பிள்ளை அழைப்புக்கு வருவேன். நாலு வீதியும் சுத்தி வருவேன். மறுநாள் ஒங்க பொண்ணு அதுலதான் உக்காந்து வரணும்." யாரும் உன்னைக் கேட்கவில்லை. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டுக்கங்கப்பா, மாப்ள வாக்கு குடுத்துட்டாரு!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டு கையில் இருக்கும்போது சொன்ன வார்த்தை. அதன் பிறகு தேதி குறிக்கிற பேச்சு எடுத்தபோதெல்லாம் அவரே, "வண்டி ஆவட்டும், அவசரமில்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். மெழுகு மாதிரி மனுஷன், நீ சூடு காட்டின பக்கமெல்லாம் உருகினார்.

இதில் கொடுமை என்னவென்று உனக்குத் தெரியுமா? வண்டி ஓடியது. மறந்துவிட்டாயா? மறுவருஷமே தரை மாற்றி, டிங்கரிங் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயும் இளங்கோவும் மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தீர்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். காற்று முகத்தில் அடித்தது, ஒரு நிமிஷம் எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த முகூர்த்தத்தில் வைத்துவிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ, "கியர் மாத்தறப்ப ஒரு சத்தம் வருது" என்றாய். எனக்குக் கேட்கவில்லை, இளங்கோவுக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டது. அடுத்த வாரம், வேலை பார்க்கிற சென்னையிலிருந்து வந்து இன்ஜினை இறக்கிக் கொல்லை முழுவதும் பரப்பிவிட்டாய். பிறகு அடித்த பெயின்ட் ஒரிஜினல் கலர் இல்லை என்று அதைச் சுரண்டினாய். பிறகு சீட்டுத் துணி. உனக்கு வண்டி வேண்டியதில்லையடா, வேலை முடியாத வண்டிதான் வேண்டும். முடிந்துவிட்டால் ஏறி உட்கார வேண்டும், உட்கார்ந்தால் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும், போனால் ஒரு பெண்ணோடு வீட்டுக்கு வர வேண்டும். செங்கல் மேல் நிற்கிற வண்டியிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கோமதியின் அப்பாவுக்குச் சிறுநீரகம் போனது உனக்கு ஒரு செய்தியாகத்தான் வந்தது. எனக்கு அது வாரம் தவறாத வேலை. நம் வண்டியில்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போவார். மாடிப்படி ஏற முடியாதபோது இளங்கோ லீவு போட்டு வந்து முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவான். ஒரு நாள் திரும்பி வரும்போது, பாகூர் பக்கத்தில் என்று நினைக்கிறேன், பின்சீட்டில் படுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "சம்பந்தியம்மா, மாப்ளகிட்ட சொல்லிடுங்க. அந்த வாக்க நான் விட்டுட்டேன். காரு வேணாம். அவர பஸ்ல வரச் சொல்லுங்க. பஸ்ஸு நல்லாத்தான் இருக்கும்" என்றார். கண்டக்டராக இருந்தவர் சொல்கிறார். அன்று சாயங்காலமே உன்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அவுங்க ஒடம்பு முடியாம சொல்றாங்கம்மா. மாமாவோட ஆச இன்னான்னு எனக்குத் தெரியும்." கொடுத்த வாக்கை வாங்கியவனே திருப்பிக் கொடுத்த பிறகும் பிடித்துக்கொண்டு தொங்கினாயே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ அந்த வாக்கை அவருக்குக் கொடுக்கவே இல்லை. உனக்கு ஒளிந்துகொள்ள ஒரு கொட்டகை வேண்டியிருந்தது, அதற்கு அவரைத் தூணாக நட்டாய்.

தூண் ஐப்பசியில் சாய்ந்தது. நீ வந்தாய், பாடையில் ஒரு முனை பிடித்தாய், எல்லாரும் பார்க்க அழுதாய். காரியம் முடிந்து கோமதி உன்னிடம், பெரியவர்கள் இருக்கும்போதே, வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம், அப்பாவுக்கு அதுதான் நிம்மதி என்றாள். அவளாகவே கேட்டாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெயின்ட் மட்டுந்தான் பாக்கி" என்றாய். அந்த இடத்தில் நான் உன்னை வெறுத்தேன். பெற்ற பிள்ளை மேல் வெறுப்பு வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வந்தது. வாயில் போட்ட வெற்றிலை துப்ப இடமில்லாமல் கசந்துகொண்டே இருந்தது.

மார்கழியில் புயல். விடிய விடிய நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். கொல்லைக் கொட்டகையின் சிமெண்ட் ஷீட் எல்லாம் காகிதமாகப் பறந்தது. தென்னை மரம் வேரோடு சாய்ந்து வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஊரில் அத்தனை மரமும் எதையாவது சரியாகப் பார்த்து விழுந்தது, என் கொல்லை மரத்துக்கு மட்டும் குறி பார்க்கத் தெரியவில்லை. போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதலில் பேசியது நீ இல்லை, இளங்கோ. "அத்த, உயிரோட இருக்கியா?" என்றான். கரண்ட் கம்பி சரி செய்கிற வேலை அவனுக்கு, ஊரே இருட்டாகக் கிடந்ததால் சோறு தண்ணி இல்லாமல் கம்பத்தின் மேல் இருந்துகொண்டு பேசினான். நீ அடுத்த நாள் பேசினாய். "வண்டிக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றாய். இல்லை என்றேன். "அப்பாடா" என்றாய். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. மேலே கித்தானை இழுத்துக் கட்டச் சொன்ன பிறகு கேட்டாய்.

இந்த ஆனி மாசம் கோமதி தனியாக என் ஆபீசுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக பஸ் ஏறி வந்திருக்கிறாள், கைவிரலில் சாக்பீஸ் பொடி. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. டிரைவர்கள் வெளியே போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, "அத்த, எல்லாருக்கும் வண்டி பாத்துச் சொல்றீங்கல்ல. எனக்கும் பாத்துச் சொல்லுங்க. ஒங்க புள்ளைக்காகக் காத்திருக்கலாமா?" என்று கேட்டாள். அழவில்லை. கணக்கு வாத்தியார் விடை கேட்கிற மாதிரி கேட்டாள்.

மகனே, பெற்றவள் எல்லாரும் புவனகிரி ஆலைக்காரர்தான். பிள்ளையிடம் எங்கே பொத்தல் என்று நமக்குத் தெரியும், அதன்மேல்தான் சந்தனத்தை அப்புவோம். நானும் அப்பியிருக்கலாம். நல்ல வேலை, குடி கிடையாது, சத்தமாகப் பேசமாட்டான், எல்லாம் உண்மைதான். அத்தனையும் பெயின்ட். நான் அவளிடம், "காத்திருக்க வேணாம்மா" என்றேன். "அவன் கெட்டவன் இல்ல. கெட்டவனா இருந்தா திருத்தலாம். அவனுக்கு எதையும் முடிக்கத் தெரியாது. நீ போய் ஒக்காந்தா ஒன்னையும் பாதில நிறுத்திட்டு, எல்லாம் சரி பண்ணிடலாம்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஒனக்கு வயசு போவும்" என்றேன். அவள் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நிச்சயதார்த்தத் தட்டை நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரியாகப் போய், எங்கள் பையன் உங்கள் பெண்ணுக்குத் தகுதி இல்லை என்று அவள் சித்தப்பாவிடம் சொல்லி வைத்தேன். மறைத்துச் செய்தேன் என்று நினைக்காதே. உனக்கு போன் செய்தேன். முன்கண்ணாடி விஷயமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன், அப்புறம் பேசு என்றாய். கோமதியே உன்னிடம் பேசினாள், எனக்கு வேறு இடத்தில் பேசி முடிக்கிறார்கள், தேதி இது என்று சொன்னாள். நீ சிரித்துக்கொண்டே ரெண்டு மாசம் கொடு என்றாயாம். அன்றைக்கு அவளுக்கு உன்னிடமிருந்து பதிலாக வந்தது அந்தக் கண்ணாடியின் போட்டோ. கீறல் இல்லாமல் கிடைத்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தாய். அவள் எனக்குக் காட்டினாள். நல்ல கண்ணாடிதான்.

இப்போது லால்பேட்டைக்கு வருகிறேன். அந்த பாய் நல்ல மனுஷர். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அவரே கோரைப்பாயைக் கொண்டுவந்து விரித்து, "குத்திப் பாருங்கம்மா, நல்லாக் குத்திப் பாருங்க. என்னப் பெத்த வாப்பா ஓட்டின வண்டி, பொய் சொல்லி விக்க மாட்டேன்" என்றார். எங்கெங்கே துரு என்று அவரே காட்டினார். படுத்து அடியைப் பார்த்தேன். சேஸிஸ் உறுதியாக இருக்கிறது. தரை உன் வண்டியின் பழைய தரையைவிட ஆயிரம் மடங்கு மேல். இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, அதை எழுப்பலாம். உதிரிபாகத்துக்காக அதை உடைப்பது பாவம், முழுசாகவே எழுப்பத் தகுந்த வண்டி. யார் கேட்டாலும் பழைய வண்டி விஷயத்தில் நான் கடைசியாக ஒன்று கேட்பேன்: இது முடிகிற வரைக்கும் யார் காத்திருக்க வேண்டும்? பெண்டாட்டியா, பிள்ளையா, கிழவனா? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்வேன். உனக்குச் சொல்கிறேன், தாராளமாக வாங்கு. உனக்காகக் காத்திருக்க இனி யாரும் இல்லை. இது முடிந்ததும் இன்னொன்று வாங்கு. கொல்லையில் இடம் இருக்கிறது, தென்னைமரத்தையும் வெட்டி அப்புறப்படுத்திவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் கோமதிக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம் நடந்தது. முகூர்த்த நாள், மலையில் நிற்க இடமில்லை, வரிசையாக மாலையும் கழுத்துமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவளை யாரும் தனியாகப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மாப்பிள்ளை யார் என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். இளங்கோ. நான்தான் கேட்டேன். அண்ணன் தயங்கினார், ஊர் என்ன சொல்லும் என்றார். இளங்கோவே தயங்கினான், "அத்த, மச்சான் மொகத்துல எப்படி முழிக்கறது?" என்றான். அவள் அப்பனைத் தூக்கிச் சுமந்த முதுகுக்கு எந்த முகத்திலும் முழிக்கலாம் என்றேன். கோமதி ஒரு வாரம் யோசித்துச் சரி என்றாள். தாலி ஏறும்போது உன் பெயர் என் நெஞ்சில் ஒரு தரம் குத்தியது. பிறகு சரியாகிவிட்டது.

மாலையோடு என் காலில் விழுந்து எழுந்தவள், பழக்கத்தில் "அத்த" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அத்தனை நாளும் என்னை அப்படித்தானே கூப்பிட்டாள். புருஷனுக்கு நான் அத்தை என்றால் அவளுக்கு நான் என்ன முறை என்று அவளுக்கே தெரிந்திருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் அண்ணி எடுத்துக்கொடுத்தாள். "பெரியம்மா" என்றாள் கோமதி. பெரியம்மா பிள்ளை நீ. மச்சான் பெண்டாட்டி அவள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் இனி அவள் உனக்குத் தங்கச்சி. கூடப் பிறந்த அண்ணன் தம்பி அவளுக்கு யாரும் இல்லை. அதனால் மண்டபத்திலேயே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்: தலைத் தீபாவளிக்குப் பொறந்த வீட்டுச் சீர் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அண்ணன் முறைக்கு நீதான் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். புடவை எடுத்துவிட்டேன். அந்த ஒரு நாள் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்.

அம்மா